பிள்ளைக்குக் கடும் கிருமித்தொற்று: சிகிச்சையின்போதும் அதற்குப் பிறகும் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில் சிறுவர் வாட்டில் நீண்ட காலம் தாதியாக வேலை செய்தவள் நான். டொக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேட்கத் தயங்கி, அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் எங்கள் பக்கம் திரும்பி அம்மாமாரும் உம்மாமாரும் கேட்கும் கேள்விகள்தான் இவை. பதில்களை வீட்டில் ஆறுதலாக வாசிக்கக்கூடிய விதத்தில் எழுதியிருக்கிறேன். உங்கள் பிள்ளையைப் பார்த்த வைத்தியர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால், அவர் சொன்னதையே கேளுங்கள்.

காய்ச்சல் விட்டால் வருத்தம் முடிந்த மாதிரித்தானே?

இல்லை. இந்த நம்பிக்கையால்தான் அதிகம் பிள்ளைகள் பிந்தி வந்து சேர்கிறார்கள். ஒவ்வொரு நோய்க்கும் ஆபத்தான நாள் வேறு வேறு. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளே ஆபத்தான நாள். நெருப்புக்காய்ச்சலுக்கு (டைஃபொயிட்) ஒழுங்காக மருந்து கொடுக்காவிட்டால் மூன்றாம் கிழமையளவில் குடலில் ஓட்டை விழலாம். தொண்டைநோவு மாறி இரண்டு மூன்று கிழமை கழித்து மூட்டும் இதயமும் தாக்கப்படலாம். கொவிட் வந்து போய் 2 முதல் 6 கிழமைக்குள் சில பிள்ளைகளுக்கு உடல் முழுவதும் அழற்சி வந்ததைக் கண்டிருக்கிறோம். சின்னமுத்து (மீசில்ஸ்) வந்த மிகச் சில பிள்ளைகளுக்கு ஆறேழு வருடம் கழித்து மூளை படிப்படியாகச் செயலிழக்கும் நோய் வருகிறது. அதைக் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை.

ஆகவே வீட்டுக்குப் போகும்போது "எந்த மருந்தை எத்தனை நாள் குடுக்கிறது?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "இனி எந்த நாளில், எதைப் பார்க்க வேணும்?" என்றும் கேளுங்கள். டொக்டர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

டெங்கு. நேற்று இரவே காய்ச்சல் இறங்கிவிட்டது, மகனும் எழும்பி இருந்தான். இன்று ஏன் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுகிறார்கள்?

கிண்ணியாவில் 2017 இல் டெங்கு பரவியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருடம் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. கட்டில் போதாமல் நிலத்திலும் பிள்ளைகளைப் படுக்க வைத்த காலம் அது. அப்போது பல வீட்டார் கேட்ட கேள்வியும் இதுதான்.

டெங்குவில் கூடாத காலம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் தணியும் வேளையில் தொடங்கும். அது 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். அந்த நேரத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். இரத்தத்தில் இருக்க வேண்டிய நீர் நெஞ்சறையிலும் வயிற்றிலும் போய்ச் சேரும். குழாய்க்குள் மிஞ்சுகிற இரத்தம் தடிக்கும். அதனால் இரத்த அழுத்தம் சடாரென்று விழலாம். தொட்டுப் பார்த்தால் உடம்பு சுடாது. கை கால் மட்டும் குளிர்ந்திருக்கும். அந்தக் குளிர்ச்சியைத்தான் பலர் "காய்ச்சல் விட்டுட்டுது" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள்.

பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். ரிப்போர்ட்டில் இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று காட்டும் பிசிவி என்றொரு எண் இருக்கும். அது பிள்ளையின் வழமையான அளவிலிருந்து 20 வீதம் ஏறினால் கசிவு நடக்கிறது என்று அர்த்தம். வாட்டில் நாங்கள் பயப்படுவது அந்த எண் ஏறும்போதுதான்.

தாகம் என்று அழுகிறாள். ஏன் இளநீரையும் அளந்து கொடுக்கச் சொல்கிறார்கள்?

கசிந்து வெளியே போன நீர் அங்கேயே தங்கிவிடுவதில்லை. கசிவு நின்றதும் அது திரும்பவும் இரத்தத்துக்குள் வரும். அதற்கு முன்னால் சேலைனும் இளநீரும் கஞ்சித் தண்ணியும் கணக்கில்லாமல் உள்ளே போயிருந்தால், திரும்பி வரும் நீரும் சேர்ந்து நுரையீரலில் தேங்கும். பிள்ளை மூச்செடுக்கத் திணறும். டெங்குவில் சிலர் இறப்பது இரத்தம் பெருகி அல்ல, இப்படி நீர் மிஞ்சி. அதனால்தான் வாயால் குடிப்பதும் நரம்பால் ஏறுவதும் ஒரே கணக்கில் எழுதப்படுகின்றன. நீங்கள் தாதி மிஸ்ஸுக்குத் தெரியாமல் ஒரு கோப்பை பால் பருக்கினால் அந்தக் கணக்குப் பிழைத்துவிடும்.

சலத்தை (சிறுநீரை) அளந்து தரச் சொல்வதும் இதற்காகத்தான். சலம் குறைந்தால் நீர் போதவில்லை. அளவுக்கு மிஞ்சிப் போனால் நீர் கூடிவிட்டது. சலப் போத்தலை மறைவாக வெளியே ஊற்றிவிட்டு "போனவள், போனவள்" என்று சொல்லும் அம்மாமாரைக் கண்டிருக்கிறேன். அருவருப்பு வேண்டாம். அந்தப் போத்தலில் உள்ள கோடுதான் அடுத்த மணித்தியாலத்துக்கு எவ்வளவு சேலைன் என்று முடிவுசெய்ய உதவுகிறது.

வீட்டில் இருக்கும்போது, டெங்கு என்று சந்தேகம் வந்ததும் சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள். நெக்டோ, பீற்றூட் சாறு, கோப்பி எதுவும் வேண்டாம். சத்தி எடுத்தால் அது இரத்தமா இல்லையா என்று பார்க்க முடியாமல் போகும்.

பப்பாசி இலைச் சாறு கொடுக்கலாமா?

நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது கசப்பு. சத்தி வரும். சத்தி டெங்குவின் ஆபத்துக் குறிகளில் ஒன்று. சாற்றால் சத்தி வந்ததா, நோயால் வந்ததா என்று பிரித்தறிய முடியாமல் போகும். கசிவை அது நிறுத்தாது. பிளேட்லெட் குணமாகும்போது தானாகவே ஏறும்.

காய்ச்சலுக்கு வீட்டில் எதைக் கொடுக்கலாம்?

பரசிட்டமோல் மட்டும். ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் என்று போத்தலில் எழுதியிருந்தால், 10 கிலோ பிள்ளைக்கு 5 மில்லிலீற்றர் சரி. துளி மருந்து அதைவிடச் செறிவானது. சிரப்பின் அளவில் அதை ஊற்றிவிடாதீர்கள். காய்ச்சல் இறங்கவில்லை என்று இரண்டு மணித்தியாலத்துக்கொரு தடவை கொடுத்து, டெங்குவோடு ஈரலும் சேர்ந்து பழுதான பிள்ளைகள் உண்டு.

இபுபுரூஃபன், அஸ்பிரின், மலவாசலில் வைக்கும் டைக்ளோஃபெனாக் மூன்றும் வேண்டாம். இவை இரத்தப்போக்கைக் கூட்டும். உடனே காய்ச்சல் இறங்குகிறது என்பதற்காக டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்கும் பழக்கம் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அந்தப் பழக்கம் ஒழிய வேண்டும்.

காய்ச்சல் உச்சத்தில் வலிப்பு வந்தது. மூளை பழுதாகியிருக்குமா?

6 மாதத்துக்கும் 5 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு, காய்ச்சலோடு ஐந்து நிமிடத்துக்குள் நின்றுவிடும் வலிப்பு வந்தால் மூளை பழுதாவதில்லை. நூறு பிள்ளைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வருகிறது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், தெரியும். பிள்ளையைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். வாய்க்குள் கரண்டி, விரல், தண்ணீர் ஒன்றும் வைக்கக்கூடாது. கையில் இரும்புத் திறப்பைப் பிடிக்க வைப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் திறப்பைத் தேடுகிற நேரத்தில் பிள்ளை தனியே கிடப்பான். அதுதான் கெடுதல்.

ஐந்து நிமிடம் தாண்டினால், ஒரே நாளில் திரும்ப வந்தால், உடலின் ஒரு பக்கம் மட்டும் இழுத்தால், நின்ற பிறகும் பிள்ளை தெளியாமல் சோர்ந்து கிடந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். முதல் தடவை வலிப்பு வந்த எந்தப் பிள்ளையையும் வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டும்.

மூளைக்காய்ச்சல் என்று முதுகில் ஊசி போடக் கேட்கிறார்கள். இடுப்புக்குக் கீழ் இயங்காமல் போகும் என்று சொல்கிறார்களே?

வாட்டில் நான் கண்ட பயங்களில் இதுதான் பெரியது. கையெழுத்து வைக்க மாட்டேன் என்று அப்பா வெளியே போய் நிற்பார். அப்பம்மா ஊருக்குப் போன் எடுப்பார். ஒரு பகல் வீணாகப் போகும்.

முள்ளந்தண்டுக்குள் இருக்கும் நரம்புத்தண்டு இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி ஏறுவது அதற்குக் கீழே, நீர் நிறைந்திருக்கும் இடத்தில். எடுப்பது சில துளிகள். பிறகு தலையிடியோ முதுகில் கொஞ்சம் நோவோ இருக்கலாம், அது மாறிவிடும். இரத்தம் உறையாத நிலை, மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கும் அடையாளம் போன்றவை இருந்தால் வைத்தியர்களே அதைத் தள்ளிவைப்பார்கள். ஊசிக்குப் பிறகு நடக்க முடியாமல் போன பிள்ளையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், பெரும்பாலும் அந்தப் பிள்ளையை முடக்கியது மூளைக்காய்ச்சல். ஊசியின் மேல் பழி விழுந்திருக்கும்.

ஊசி போடாவிட்டால் என்ன கிருமி என்று தெரியாது. கிருமி தெரிந்தால்தான் எந்த மருந்து, எத்தனை நாள் என்று நிச்சயமாகச் சொல்லலாம். ஒரு வகைக்கு 7 நாள் போதும். இன்னொன்றுக்கு 10 முதல் 14 நாள் வேண்டும். பிறந்த குழந்தைக்கு அதைவிடக் கூடுதலாகவும் ஆகலாம். தெரியாமல் நடுவில் நிறுத்தினால் சீழ் தங்கிப்போகும், மூளையில் நீர் கோர்க்கும்.

கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலேயே மூளைக்காய்ச்சல் வரலாம். உச்சிக்குழி புடைத்திருப்பது, தூக்கினால் கூடுதலாக அழுவது, கீச்சென்ற குரலில் அழுவது, பால் மறுப்பது ஆகியவற்றைக் கண்டால் இரவு என்று பார்க்காமல் வாருங்கள்.

மூளைக்காய்ச்சல் மாறி வீட்டுக்கு வந்துவிட்டோம். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள் இல்லை. பிடிவாதமா?

காதைச் சோதியுங்கள். பக்ரீரியா மூளைக்காய்ச்சல் விட்டுச் செல்லும் நிரந்தரப் பாதிப்புகளில் கேட்கும் திறன் குறைவதுதான் அதிகம். அந்தப் பாதிப்பு நோயின் முதல் சில நாட்களிலேயே நடந்துவிடும். அதனால்தான் முதல் என்டிபயட்டிக் ஊசியோடு சேர்த்து டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்தைச் சில பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

வீட்டில் கை தட்டிப் பார்த்துவிட்டு "கேட்குது" என்று முடிவெடுக்காதீர்கள். தட்டும் கையின் நிழலைக் கண்டும், பலகையில் வரும் அதிர்வை உணர்ந்தும் பிள்ளை திரும்பும். ஒரு காது மட்டும் கேட்காமல் இருந்தால் வீட்டில் யாருக்குமே பிடிபடாது. டிஸ்சார்ஜ் ஆகி நான்கு கிழமைக்குள் கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். யாரும் எழுதித் தராவிட்டால் நீங்களே காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள்.

இதில் பிந்தக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு உட்செவியின் நத்தைச் சுருள் எலும்பாக இறுகத் தொடங்கலாம். அது இறுகிவிட்டால் உட்செவிக் கருவி பொருத்துவது கடினம். பேசப் பழகும் வயதுப் பிள்ளைக்குக் காது போனால் பேச்சும் போய்விடும். வாட்டில் பிள்ளை உயிர் பிழைத்ததற்காக கோணேஸ்வரத்துக்கு அர்ச்சனைத் தட்டோடு போகும் குடும்பம், காதுச் சோதனைக்கும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

வலிப்பு, நடை தள்ளாடுவது, பாடத்தில் கவனம் நிற்காதது, கோபம் கூடுவது ஆகியவை மாதங்கள் கழித்தும் தெரியவரலாம். பாடசாலை தொடங்கியதும் வகுப்பு ரீச்சரிடம் நடந்ததைச் சொல்லி வையுங்கள்.

நிமோனியாவுக்கு மூன்று நாளாக ஊசி. இன்னும் காய்ச்சல். இப்போது நெஞ்சில் குழாய் போட வேண்டுமாம். மருந்து பிழையா?

பெரும்பாலும் மருந்து பிழையாக இருக்காது. சரியான என்டிபயட்டிக் தொடங்கி 48 முதல் 72 மணித்தியாலத்தில் காய்ச்சல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கிறதா என்று எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். கட்டிய சீழுக்குள் மருந்து போதிய அளவு போய்ச் சேராது. வடித்துவிட வேண்டும்.

குழாயோடு பிள்ளையைப் பார்க்க நெஞ்சு பதறும். ஆனால் சிறுபிள்ளைகளின் நுரையீரல் வியக்கத்தக்க விதத்தில் திரும்பி வளர்கிறது. சீழ் கட்டிய பிள்ளைகளிலும் மிகப் பலர் சில மாதங்களில் ஓடி விளையாடுகிறார்கள். எக்ஸ்ரே தெளிய நான்கு முதல் ஆறு கிழமையோ அதற்கு மேலோ ஆகும். பிள்ளை நன்றாக இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளையைப் பார்த்துக் கலங்க வேண்டாம். குழாய் இருக்கும்போது நோவுக்கு மருந்து கேட்டு வாங்குங்கள். நோவால் மூச்சை அடக்கிப் படுத்திருந்தால் நுரையீரல் விரியாது.

வயலடியில் விளையாடும் பிள்ளை. கன்னத்தில் கட்டி வந்து, இரண்டு வகை மருந்து குடித்தும் வற்றவில்லை.

மெலியோயிடோசிஸ் என்ற தொற்றையும் யோசிக்க வேண்டும். இதன் கிருமி ஈரமான மண்ணிலும் வயல் நீரிலும் வாழ்கிறது. இலங்கையில் இந்த நோய் இருக்கிறது. தம்பலகாமம், மூதூர், சேருவில் போன்ற வயற்பக்கங்களில் மழைக்காலத்தில் இதை நினைவில் வைப்பது நல்லது. பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்களைத்தான் கூடுதலாகத் தாக்கும். பிள்ளைகளிலோ வேறு ஒரு குறையும் இல்லாதவர்களுக்கும் காதடியில், தாடையோரம் சீழ்க்கட்டியாக வரும்.

கூகைக்கட்டு என்று நினைத்துப் பத்துப் போட்டு நாள் கடத்துவார்கள். இந்தக் கிருமிக்குப் பல சாதாரண என்டிபயட்டிக் பிடிக்காது. கட்டியிலிருந்து சீழ் எடுத்து வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே கட்டியைக் கீறும்போது "சீழைச் சோதனைக்கு அனுப்புறீங்களா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். உறுதியானால் முதலில் குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசி, பிறகு மூன்று மாதமளவில் குளிசை. இரண்டாவது பகுதியைத்தான் வீட்டார் விட்டுவிடுகிறார்கள். விட்டால் நோய் திரும்பி வரும்.

தொண்டைநோவும் சிரங்கும் எல்லாப் பிள்ளைக்கும் வருகிறதே. அதற்குமா இவ்வளவு பயம்?

எல்லாத் தொண்டைநோவுக்கும் பயம் வேண்டாம். பெரும்பாலானவை வைரசால் வருபவை, தானாக மாறும். ஆனால் ஸ்ட்ரெப்டோகோக்கஸ் என்ற கிருமியால் வந்த தொண்டைநோவுக்கு மருந்தைப் பாதியில் விட்டால், இரண்டு மூன்று கிழமை கழித்து வாதக்காய்ச்சல் வரலாம். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளில்தான் இது அதிகம். முதலில் முழங்கால் வீங்கும், அது மாறிக் கணுக்கால், பிறகு முழங்கை என்று நோவு இடம் மாறும். மூட்டு குணமாகிவிடும். இதய வால்வு பழுதானால் பழுதுதான்.

அந்தப் பிள்ளைகளுக்கு மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போட வேண்டும். பல வருடங்களுக்கு, சிலருக்கு வளர்ந்த பிறகும். ஊசி நோகும், பாடசாலை விடுபடும், பிள்ளை பார்வைக்கு நன்றாகவே இருப்பான். இந்த மூன்று காரணங்களாலும் கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் போய்விடுகிறது. ஒவ்வொரு தடவை கிருமி திரும்ப வரும்போதும் வால்வு இன்னும் கொஞ்சம் பழுதாகும். கலண்டரில் திகதியை வட்டமிட்டு வையுங்கள்.

சிரங்கு வேறு வழியில் போகும். மாறி மூன்று முதல் ஆறு கிழமைக்குள் காலையில் முகமும் கண்ணிமையும் வீங்கி, சலம் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனால் சிறுநீரகம் தாக்கப்பட்டிருக்கிறது. இரத்த அழுத்தம் ஏறி வலிப்பும் வரலாம். நேரத்துக்கு வந்தால் அநேகமான பிள்ளைகள் முழுதாகக் குணமாகிறார்கள். சொறி வந்து, சொறிந்த புண்ணில் சிரங்கு பிடிப்பதுதான் இங்கே வழமை. சொறிக்கு வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும்.

என்டிபயட்டிக் தொடங்கியதும் வயிற்றோட்டம். நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று தடவை தளர்வாகப் போவது சாதாரணம். ஜீவனி, கஞ்சி கொடுங்கள், தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தொடருங்கள். மலத்தில் இரத்தம் இருந்தாலோ, வயிறு ஊதினாலோ, சலம் குறைந்தாலோ காட்டுங்கள்.

மருந்து கொடுத்துச் சற்று நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சு இழுத்தால் அது ஒவ்வாமை. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். இன்னொன்று அரிது, ஆனால் கொடியது: மருந்து தொடங்கிச் சில நாள் அல்லது சில கிழமையில் வாய்க்குள் புண், கண் சிவப்பு, தோல் கொப்பளித்து உரிவது. அந்த மருந்தின் அடுத்த வேளையைக் கொடுக்காமல் அதே நாளில் வாருங்கள். சாதாரண சிறு தடிப்பு வந்தால் டொக்டரிடம் காட்டிப் பெயர் எழுதி வாங்குங்கள். வைரஸ் காய்ச்சலில் வந்த தடிப்பை "பென்சிலின் ஒத்துக்காது" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தால், தேவையான நேரத்தில் நல்ல மருந்து கிடைக்காமல் போகும்.

ரிஃபாம்பிசின் குடித்தால் சலம் செம்மஞ்சளாகப் போகும், பயம் இல்லை. செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியால் சிலரின் பித்தப்பையில் கல் போன்ற படிவு ஸ்கேனில் தெரியும். மருந்து முடிந்ததும் அநேகமாகக் கரைந்துவிடும்.

ஜென்டாமைசின் ஊசி காதைச் செவிடாக்கும் என்கிறார்களே?

காதையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடிய மருந்துதான், உண்மை. அதனால்தான் நிறையைப் பார்த்து அளவிடுகிறார்கள், நாட்களைக் குறைக்கிறார்கள், சிறுநீரகச் சோதனை எடுக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில், குறிப்பாகத் தாய் வழியில், யாருக்காவது இப்படி ஊசிக்குப் பிறகு காது போயிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சிலருக்குப் பரம்பரையாக இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது.

கனுலா (மருந்து ஏற்றும் சிறு குழாய்) போட்ட கை வீங்குகிறது.

அப்போதே மிஸ்ஸைக் கூப்பிடுங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம்.

டிஸ்பென்சரியில் மருந்து எடுத்தோம். பெயர் தெரியாது.

இது என்னை மிகவும் வருத்தும் விஷயம். சின்னக் கடதாசி உறை, அதில் காலை மாலை என்று இரண்டு கோடு, உள்ளே பாதி உடைத்த வெள்ளைக் குளிசை, ஒரு மஞ்சள் குளிசை. எந்த மருந்து என்று உலகத்தில் ஒருவராலும் சொல்ல முடியாது. ஏற்கெனவே என்டிபயட்டிக் போயிருந்தால் இரத்தத்தில் கிருமி வளர்க்கும் சோதனை பொய்யாக "இல்லை" என்று காட்டலாம். ஸ்டீரொய்ட் போயிருந்தால் காய்ச்சல் மறைந்து நோய் உள்ளே முற்றும். மருந்தின் பெயரை உறையில் எழுதித் தரும்படி கேளுங்கள். அது உங்கள் உரிமை. எழுதாவிட்டாலும் உறையை எறியாமல் மீதிக் குளிசையோடு கொண்டுவாருங்கள்.

அம்மாள் வருத்தத்துக்கு வைத்தியசாலைக்குப் போகலாமா?

போகலாம். வேப்பிலை கட்டுவதற்கும் மருந்து எடுப்பதற்கும் பகை இல்லை. கொப்பளம் ஒன்றைச் சுற்றிச் சிவந்து சூடேறிப் பரவுவது, விட்ட காய்ச்சல் திரும்ப வருவது, மூச்சு வாங்குவது, தள்ளாடி நடப்பது ஆகியவற்றைக் கண்டால் உடனே போக வேண்டும். குளிப்பாட்டாமல் நாட்கணக்கில் வைத்திருந்தால் புண்ணில் வேறு கிருமி ஏறும். அஸ்பிரின் வேண்டவே வேண்டாம். ஈரலையும் மூளையையும் ஒன்றாகத் தாக்கும் நிலை அதனால் வரலாம்.

எப்போது காத்திருக்காமல் புறப்பட வேண்டும்?

எழுப்ப முடியாத நித்திரை, மூச்செடுக்கும்போது விலா உள்ளே இழுப்பது, உதடு நீலிப்பது, குளிர்ந்த கை கால், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாதது, விடாத சத்தி, கடும் வயிற்று நோ, அழுத்தினாலும் மறையாத சிவப்பு ஊதாப் புள்ளிகள், மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். "பிள்ளை வழமை மாதிரி இல்லை" என்று தாய் சொன்னால் அதையும் நான் இந்த வரிசையில் வைப்பேன்.

1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறப்பதற்கு முன்னர் இரவில் பாதைப் படகுக்குக் காத்து நின்ற காலத்தை மூத்தவர்கள் சொல்வார்கள். இன்று அந்தத் தடை இல்லை. ஈச்சிலம்பற்று, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் இருப்பவர்கள் நேரே நகரத்துக்கு ஓட வேண்டும் என்றில்லை. அருகிலுள்ள வைத்தியசாலையில் முதல் ஊசியும் சேலைனும் ஏறட்டும். கடும் கிருமித்தொற்றில் முதல் மணித்தியாலத்து மருந்துக்கு அவ்வளவு பெறுமதி. பேராதனைக்கோ கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ மாற்றினால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமல்ல. அங்குள்ள கருவியோ நிபுணரோ தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

ஐசியுவில் இருந்து வந்தவன் இரவில் அலறுகிறான், படுக்கையில் சலம் போகிறான். ஐந்து வயதில் விட்ட பழக்கம்.

நடக்கும். குழாய்கள், வெளிச்சம், இடையிடையே வரும் அலாரச் சத்தம், அம்மா பக்கத்தில் இல்லாத இரவுகள் எல்லாம் பிள்ளைக்குள் தங்கியிருக்கும். கடும் தொற்றிலிருந்து எழும்பிய பிள்ளைக்கு உடம்பு சோர்வும் மாதக்கணக்கில் இருக்கலாம். தலைமயிர் கொட்டலாம், அது திரும்ப முளைக்கும். ஏசாதீர்கள், "அங்க திரும்பக் கொண்டுபோய் விடுவன்" என்று வெருட்டாதீர்கள். நடந்ததை அவனுக்கு விளங்கும் சொல்லில் சொல்லுங்கள். பாடசாலைக்கு முதலில் அரை நாள் அனுப்பலாமா என்று அதிபரிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் குறையாவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

விடுபட்ட தடுப்பூசியை எப்போது போடுவது?

பிள்ளை தேறியதும் போடலாம். ஆனால் வைத்தியசாலையில் இரத்தம், பிளாஸ்மா, இம்யுனோகுளோபுலின் ஏற்றியிருந்தால் 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் சின்னமுத்துத் தடுப்பூசியை மாதக்கணக்கில் தள்ள வேண்டி வரும். இல்லாவிட்டால் ஊசி பிடிக்காது. கூடிய அளவு ஸ்டீரொய்ட் இரண்டு கிழமைக்கு மேல் கொடுத்திருந்தாலும் உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகளுக்கு இடைவெளி விட வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரிடம் வைத்தியசாலையில் தந்த டயக்னோஸிஸ் காட்டைக் கொடுங்கள். வாயால் சொன்னால் விடுபட்டுப் போகும்.

தள்ளிப் போடுவது வேறு, போடாமலே விடுவது வேறு. 2019 இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று இலங்கை அறிவிக்கப்பட்டது. 2023 இல் அது மறுபடியும் பரவியது. 12 மாதத்தில் போடும் ஜப்பான் மூளையழற்சி ஊசியும் வயல் சூழ்ந்த எங்கள் மாவட்டத்துக்கு மிகத் தேவையானது. அந்த நோயால் மூளை வீங்கியவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கிறார்கள். பிழைப்பவர்களிலும் கணிசமானோருக்கு ஊனம் தங்கிவிடுகிறது.

வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கும் மருந்து வேண்டுமா?

நோயைப் பொறுத்தது. மெனிங்கோகோக்கஸ் மூளைக்காய்ச்சல் என்றால் ஒரே வீட்டில் படுத்தெழும்பிய எல்லோருக்கும் தடுப்பு மருந்து வேண்டும், பெரியவர்களுக்கும். டொக்டரே சொல்வார், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வீட்டுக்கு வருவார். நிமோனியாவுக்குப் பொதுவாகத் தேவையில்லை. நெருப்புக்காய்ச்சல் என்றால் சமைப்பவரின் கையைக் கழுவச் சொல்லுங்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். டெங்கு ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேரே தொற்றாது. ஆனால் அவரைக் கடித்த நுளம்பு அதே வீட்டில் இருக்கலாம். காய்ச்சல் உள்ள பிள்ளையைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டு, கூரைப் பீலி எல்லாவற்றையும் அன்றே ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே கொட்டினால் ஓரத்தில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும்.